முட்டை வைக்கும் கிளவுன் மீன் ஜோடியை மதுரையிலிருந்து கோவைக்கு மாற்றணும்: எப்போ, எப்படி?

வைகைக்கரை:
ஒசெல்லாரிஸ் கிளவுன் (கடல் மீன்) ஜோடி, மதுரையில 75 லிட்டர் டேங்க்ல இருக்கு. 13, 14 நாளுக்கு ஒரு தடவை மண்தொட்டிக்குள்ள முட்டை வைக்கும். இப்ப இருக்கிற முட்டைக்கு இன்னைக்கு மூணாவது நாள். கோவையில 90×45×45 செ.மீ. டேங்க் அஞ்சு வாரமா ஓடுது. டிரை ராக் (காய்ஞ்ச பாறை), உள்ள மூணு டாம்செல் மீன். தண்ணி டெஸ்ட்ல அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 15. பழைய டேங்க்ல உப்பு (ஒப்படர்த்தி அளவுல) 1.023, வெப்பம் 29 டிகிரி. புதுசுல 1.026, 26 டிகிரி. கார்ல அஞ்சு மணி நேரம் ஆகும். எப்ப மாத்துறது நல்லது? முட்டையோட மண்தொட்டியைத் தூக்கலாமா? பழைய தண்ணி முழுசையும் கொண்டு போகணுமா? குஞ்சுக்குப் போட ரோட்டிஃபர் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்) கல்ச்சர் கிடையாது.

பவளத்திட்டு:
முட்டையோட தூக்காதீங்க. அஞ்சு மணி நேரம் ஆண் மீன் விசிறி விடாம இருந்தா முட்டைக்கு ஆக்சிஜன் போதாது, பூஞ்சை பிடிக்கும். அதையும் தாண்டிப் பொரிஞ்சா, குஞ்சுக்கு முதல் சில நாள் ரோட்டிஃபர்தான் சாப்பாடு. ஆர்ட்டீமியா நாப்ளி (உப்புநீர் இறாலோட குஞ்சு) அதோட வாய்க்குப் பெருசு. கல்ச்சர் இல்லாம இந்தத் தடவை குஞ்சைக் காப்பாத்த முடியாது, அதனால பெரியவங்களைப் பத்தி மட்டும் யோசிங்க.

29 டிகிரியில ஏழாவது ராத்திரி வாக்குல பொரியும். டார்ச் அடிச்சுப் பாருங்க: முதல்ல ஆரஞ்சா இருந்த முட்டை பழுப்பாகி, கடைசியில கண்ணு வெள்ளி மாதிரி மின்னும். அப்படி மின்னினா அன்னைக்கோ மறுநாளோ ராத்திரி, லைட் அணைச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பொரிஞ்சிடும். பொரிஞ்ச மறுநாள்ல இருந்து அடுத்த முட்டைக்கு முந்தி இருக்கிற மூணு நாலு நாள்தான் உங்களுக்கு வாய்ப்பு. முட்டையைக் காவல் காக்கிற நேரத்துல பிடிச்சா ரெண்டும் மிரண்டு போகும், முட்டையையும் தின்னுடும்.

அதுவரைக்கும் இருக்கிற ஒரு வாரத்தை உப்பு ஏத்த வெச்சுக்கங்க. இதைத்தான் பலரும் பயண நாள்ல பையில செய்யப் பார்க்கிறாங்க, தப்பு. பழைய டேங்க்ல தினமும் ஆவியாகிற அளவுக்கு ஆர்ஓ (உப்பு நீக்கின) தண்ணிக்குப் பதிலா உப்புத் தண்ணி விடுங்க. ஒரு லிட்டர் ஆவியானா, லிட்டருக்கு 38 கிராம் கடல் உப்புக் கலவை போட்டுக் கரைச்ச ஒரு லிட்டர். நிகரமா 65 லிட்டர் தண்ணி, தினமும் ஒரு லிட்டர் ஆவியாகுதுன்னா ஏழெட்டு நாள்ல 1.026 தொட்டுடும், மீனுக்குத் தெரியவே தெரியாது. ஆனா ரெண்டு டேங்கையும் ஒரே ரீஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளக்கிற கருவி), 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கரைசல் வெச்சுச் சரிபார்த்துட்டு அளந்தாதான் இந்தக் கணக்கு செல்லும். வெப்பத்துக்கு, கோவை டேங்க் ஹீட்டரை இப்பவே 28-ல வையுங்க. மீன் செட் ஆனப்புறம் நாளுக்கு ஒரு டிகிரி இறக்கிக்கலாம்.

தண்ணி முழுசும் வேண்டாம். அமோனியாவை உடைக்கிற நல்ல பாக்டீரியா தண்ணியில கொஞ்சம்தான். கல்லு, ஸ்பாஞ்ச், தொட்டி மேலதான் குடியிருக்கும். முட்டை வைக்கிற மண்தொட்டியையும் பில்டர் ஸ்பாஞ்சையும் பழைய தண்ணி நிறைஞ்ச மூடி போட்ட வாளியில, பேட்டரி ஏர் பம்ப் ஓட விட்டுக் கொண்டு போங்க. காய விடக் கூடாது.

உவர்நீர்:
பயணத்தைப் பத்தி நான் சொல்றேன். கிளம்புறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி சாப்பாடு நிறுத்துங்க. வலை வேண்டாம், செவுள் மூடியோட ரம்பப் பல்லு வலையில சிக்கும். பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு, மீனை உள்ள ஓட்டிப் பிடிங்க. ஒரு மீனுக்கு ஒரு பை. எவ்வளவு ஒட்டி வாழ்ற ஜோடியானாலும் நெருக்கடியில பெண் ஆணைக் கடிக்கும். ரெட்டைப் பை, மூணுல ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு ஆக்சிஜன், தெர்மகோல் பெட்டிக்குள்ள, இருட்டா.

போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து ரெண்டு மணி நேரம் டேங்க் தண்ணியைச் சொட்டுச் சொட்டா (டிரிப்) விடாதீங்க. அடைச்ச பையில கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கி இருக்கும். அதனால அமோனியா பெரும்பாலும் தீங்கில்லாத அமோனியமா கிடக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் ஒண்ணு ஏறினா நச்சு அமோனியாவோட பங்கு ஏறத்தாழ 10 மடங்கு ஆகும். மெதுவா சொட்டு விடுற நேரம் முழுக்க மீன் அதுலதான் கிடக்கும். உப்பை முன்கூட்டியே சமப்படுத்தினதோட பலன் இங்கதான். மூடின பையை 20 நிமிஷம் மிதக்க விட்டு, திறந்ததும் உப்பு ஒரு தடவை பார்த்துட்டு, மீனை மட்டும் கையால எடுத்து விடுங்க. பைத் தண்ணி டேங்க்ல விழக் கூடாது. ரெண்டையும் ஒரே நேரத்துல விடணும். முந்திப் போனது இடத்தைத் தன்னோடதுன்னு பிடிச்சுக்கும்.

மேல வலை மூடி கட்டாயம். புது இடத்துல முதல் ராத்திரி கிளவுன் குதிக்கும்.

நீலக்கரை:
டாம்செல் மூணையும் யாரும் கவனிக்கலையே. அதுங்க இருக்கிற டேங்க்ல இந்த ஜோடியை விட்டா தினமும் சண்டைதான், முட்டைக்கும் ஆபத்து. ஆனா இன்னைக்கே எடுத்துடாதீங்க. அதுங்க கழிவுதான் இப்ப பாக்டீரியாவுக்குத் தீனி. கிளவுன் வர்றதுக்கு முந்தின நாள் எடுத்துட்டு, கல்லுகளை இடம் மாத்தி வையுங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. அந்த டாம்செல் குவாரண்டைன் பண்ணாம கடையில இருந்து நேரா போனதா? அப்படின்னா அதுங்க உடம்புல வெள்ளைப்புள்ளி, கல்லுல உடம்பை உரசுறது, வேகமா மூச்சு வாங்குறது இதுல ஏதாவது இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி பட்டினியில சாக, மீனே இல்லாம டேங்கை 76 நாள் ஓட விட்டப்புறம்தான் உங்க ஜோடி உள்ள போகணும். நல்லா முட்டை வைக்கிற ஜோடி கிடைக்கிறது சாதாரணமில்லை.

வைகைக்கரை:
டாம்செல் கடையில இருந்து நேரா வந்ததுதான். இப்போதைக்கு புள்ளி எதுவும் தெரியலை. சரியா இருந்தா, மாத்தினப்புறம் எத்தனை நாள்ல மறுபடி முட்டை வைக்கும்? மண்தொட்டியை எங்க வைக்கணும்?

பவளத்திட்டு:
புள்ளி தெரியலைங்கிறது மட்டும் போதாது சார், லேசான தொற்று செவுள்ல மட்டும் இருக்கும், வெளிய காட்டாது. அவசரம் இல்லைன்னா 76 நாள் காத்திருக்கிறதுதான் என் யோசனையும். அந்தக் காலத்துல பாக்டீரியா பட்டினி கிடக்காம இருக்க, ரெண்டு மூணு நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாங்க. கிளம்புற நேரத்தை அப்போ இருக்கிற முட்டை பார்த்துக் குறிச்சுக்கலாம்.

தொட்டியை மூலையில, பழைய டேங்க்ல வாய் எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வையுங்க. பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்றுற பம்ப்) நேரா அடிக்கக் கூடாது, தண்ணி லேசா உரசிப் போனா போதும். லைட் பழைய நேரப்படியே, 12 மணி நேரம். முதல் ரெண்டு நாள் கொஞ்சமா தீனி, அமோனியாவை 1, 3, 7-ம் நாள் பாருங்க. 0.25 பிபிஎம் காட்டினா கால்வாசித் தண்ணி மாத்துங்க. பிறகு மைசிஸ் (இறால் மாதிரிச் சின்ன உயிர்), நறுக்கின இறால், கணவாய்னு நாளுக்கு மூணு தடவை.

பெண் துரத்தி, ஆண் பக்கவாட்டுல சாஞ்சு நடுங்கினா பயப்பட வேண்டாம், அது பணிஞ்சு போறது. துடுப்பு கிழிஞ்சாதான் பிரிக்கணும். சில வாரத்துல இருந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும் முட்டை நிக்கலாம். ஆண் தொட்டிச் சுவரை வாயால கொத்திச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சு, பெண்ணோட வயித்துக்கு அடியில வெள்ளையா சின்னக் குழாய் வெளிய தெரிஞ்சா, ஒரு நாள்ல முட்டை எதிர்பார்க்கலாம். ரோட்டிஃபர் கல்ச்சரை இந்த இடைவெளியிலயே தொடங்கிடுங்க.