மறுமொழி: கரண்டு வந்ததும் டிவி தானா ஆன் ஆகுறதுக்குச் சொல்லு, தன்விழிப்பா தானெழும்பலா

எல்லாருக்கும் வணக்கம்,

லீவு வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும், கரண்டு வந்ததும் டிவி தானா ஆன் ஆகுறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்ங்கிற இந்த ஒரு சொல்லாலதான் நிக்கி. புதுசா சேந்தவங்களுக்காக ஒருதடவ சொல்லுகேன். மார்த்தாண்டத்துல லீவு வகுப்புப் பிள்ளைங்க பிளைவுட்ல ஒரு ஆர்கேட் பெட்டி, அதாவது வீடியோ கேம் ஆடுற பெட்டி, செஞ்சிருக்காங்க, உள்ள ராஸ்பெர்ரி பைங்கிற சின்னக் கம்ப்யூட்டர், பழைய 32 இஞ்ச் டிவி, ரெண்டுக்கும் சேத்து ஒரே சுவிட்ச். அதப் போட்டா பை ஓடுது, டிவி மட்டும் சிவப்பு லைட்டோட ஸ்டேண்ட்பைல, அதாவது கரண்டு இருந்தும் உறக்கத்துல, கெடக்கு, ரிமோட் அமுக்கலாம்னா டிவியோட சென்சார் பலகைக்குப் பின்னால மறைஞ்சு போச்சு.

வழி ரெண்டு இருக்கு. சில டிவில மெனுக்குள்ளயே செட்டிங் உண்டு, கரண்டு வந்தா அதுவா ஆன் ஆகிரும். இல்லன்னா எச்டிஎம்ஐ கேபிளோட 13ஆவது பின் வழியா பை டிவிக்கு சிஇசி கட்டளை (ஒரு கருவி இன்னொண்ண ஆன், ஆஃப் பண்ணச் சொல்லுறது) அனுப்பணும், 'ஆன் 0'ன்னு. ரெண்டுக்கும் கரண்டு ஒண்ணா வர்றதால சில நொடி விட்டு அனுப்புனாத்தான் டிவி கேக்கும். நம்ம பெட்டிக்கு ரெண்டாவதுதான் சரிப்பட்டுச்சு.

இந்த ரெண்டையும் ஒரே சொல்லுல அடைக்கப் பாக்கோம், அதுதான் எனக்குப் பொறுக்கல. முதல்ல சொன்னது தன்வினை, அடுத்தது பிறவினை.

> 'மின்வரவுத் தன்னியக்கம்' என்பதே பொருந்தும்

நாகர்கோவில் சார், சொற்கள் சேர்ற புணர்ச்சி இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா கரண்டு வந்தா ஃபேனும்தான் தானா சுத்துது. டிவிக்கு உறக்கம்னு ஒரு நிலை இருக்கு, அது உங்க சொல்லுல வரல்லியே.

> குறள் 339 இருக்கும்போது 'தன்விழிப்பு' போதாதா

குலசேகரம் அக்கா, மனசுக்குப் பிடிச்ச சொல்லுதான். ஆனா அந்தக் குறள் உறக்கத்தையும் சாக்காட்டையும் ஒண்ணுபோலன்னு சொல்லுது, நமக்கு ரெண்டும் வேற வேறயா வேணும். ஸ்டேண்ட்பைல கெடக்கிற டிவி சிஇசி சொன்னா கேக்கும், பிளக்கப் பிடுங்குன டிவி கேக்காது, பிள்ளைங்க குழம்புறதே இந்த இடத்துலதான்.

டிவி அதுவா ஆன் ஆகுறதுக்கு என் சொல்லு 'தானெழும்பல்', பை அனுப்புற சிஇசி கட்டளைக்கு 'எழுப்புகட்டளை'. எழும்பு, எழுப்பு. திருந்து திருத்து மாதிரி மெல்லினம் வல்லினமானா பிறவினை ஆகிரும், எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

> 'எழும்பு' கொச்சை. 'எழு' என்பதே வேர்

ஏசாயா 60:1 "எழும்பிப் பிரகாசி"ன்னுதான் இருக்கு, எத்தனை தலைமுறையா நம்ம ஊர்ச் சபைகள்ல வாசிச்ச சொல்லு, டிவிக்கு இதவிடப் பொருத்தமா என்ன வேணும். காலைல யாரையும் பாத்தா "எழும்பியாச்சா"ன்னுதானே கேக்கோம். 'எழு'வ எடுத்தா எழுச்சிலதான் போய் நிக்கும், அது ஊர்வலத்துக்கும் போராட்டத்துக்கும் போயிட்டு. 'எழுத்து'ங்கிற சொல்லு வந்தது 'எழு'வுல இருந்தா 'எழுது'ல இருந்தான்னு மூணு நாளா வாதம் போகுது, எனக்கும் அதுல சொல்ல நிறைய உண்டு, ஆனா அதத் தனி இழையில பேசுவோம்.

> ஆட்டோ பவர் ஆன்னே எழுதிட்டுப் போங்களேன்

மெனுல பிள்ளை தேடப்போறது இங்கிலீஷ் பேரத்தான், அதனால அந்தப் பக்கத்துல அதையும் சேத்துட்டேன். ஆனா பாடம் முழுக்க அப்படியே எழுதிட்டுப் போக மனசு வரல்ல.

இதுவரைக்கும் தானெழும்பலுக்கு அஞ்சு பேரு, தன்விழிப்புக்கு ரெண்டு பேரு. சார் ஒத்துக்கல்ல, அவங்க சொல்லையும் கடைசிச் சொல்லடைவுல பக்கத்துலயே போட்டிருக்கேன்.

இன்னொண்ணு பாக்கி. ராஸ்பெர்ரி பையை நிறுத்தும்போது டிவியையும் ஸ்டேண்ட்பைக்கு அனுப்புற கட்டளை ஏழாவது பாடத்துல வருது. "பிள்ளைய உறக்கிட்டு வாறேன்"னு நம்ம வீடுகள்ல சொல்லுவாங்கல்லா, அந்த 'உறக்கு' போதும்னு எனக்குத் தோணுது. வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க.