புதுப்பிப்பு: வேளச்சேரி போர்வெல் தண்ணீர், சாஃப்ட்னர் கணக்கு

டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளை அளப்பது) கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவைத் தனியாகக் காட்டாது என்று போன பதிவில் எழுதியதற்கு, "அப்படியானால் சாஃப்ட்னருக்கு எப்போது உப்பு போடுவது?" என்று பலர் கேட்டிருந்தார்கள். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் என்ற சிறு மணிகள்தான் கடினத்தன்மையைப் பிடிக்கின்றன; அவை நிறைந்ததும் உப்புத் தண்ணீர் ஓட்டி மீட்க வேண்டும்.

முதலில் சொட்டு சோதனைக் கிட்டில் கடினத்தன்மையைப் பாருங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை. சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்தால் அளவு அடிக்கடி மாறும். அதனால் மேல்தொட்டித் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மி.கி. என்றால் 2,500 லிட்டரில் ரெசினின் திறன் தீர்ந்துவிடும். ஆகவே நாள் கணக்கு வேண்டாம், வாட்டர் மீட்டரைப் பார்த்து உப்பு போடுங்கள். ஒரு தடவைக்கு நாலு கிலோ சுத்தமான உப்பு, சுமார் 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் மெதுவாக ஓடவேண்டும். அவசரமாக ஓட்டினால் உப்பு வீண், ரெசினும் பாதிதான் மீளும். மண் கலந்த மலிவு உப்பு ரெசினை அடைத்துவிடும்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் படிந்தால் அது இரும்பு. சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் கட்டாயம்.

இன்னொன்று: 100 மி.கி. கடினத்தன்மை நீங்கும்போது சுமார் 46 மி.கி. சோடியம் சேரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்தத் தண்ணீரை நேரடியாகக் குடிக்கத் தராதீர்கள்; சமையலறைக்கு ஆர்ஓ வழியாகவே வரட்டும்.