வலென்சியாவுக்குக் குடிவந்தவர்கள் எங்கே போகலாம், எப்போது போகலாம்

கேள்வி: வணக்கம். கணவரின் வேலை காரணமாக மூன்று வாரங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்குக் குடிவந்திருக்கிறோம். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சில ஆண்டுகள் இங்கேயே இருக்கப்போவதால், சுற்றுலா வந்தவர்களைப் போல இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்து முடிக்க விருப்பமில்லை. அதிகச் செலவில்லாமல் ஊரைப் பழகிக்கொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்று, நெடுநாளாக இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வணக்கம், சகோதரி. நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஞாயிற்றுக்கிழமையன்று துணிப்பை எடுத்துக்கொண்டு மத்தியச் சந்தைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியதும், அன்று மாலை ஆறு மணிக்குப் பசியோடு உணவகங்களைத் தேடி அலைந்து, எல்லா இடத்திலும் அடுப்பு அணைந்திருக்கக் கண்டதும் இன்னும் நினைவிருக்கின்றன. இந்த ஊரில் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடம் எந்த நாளில், எந்த மணிக்கு விழித்திருக்கும் என்பதும் தெரிய வேண்டும். மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் தொடங்கும், இரவு உணவு ஒன்பதுக்கு முன் கிடைப்பது அரிது, சிறு கடைகள் பிற்பகலில் சாத்தியிருக்கும். இதற்கு உடம்பைப் பழக்கிக்கொண்டாலே பாதி ஊர் பிடிபட்டுவிடும்.

முதலில் துரியா ஆற்றுப் படுகைக்குப் போங்கள். அதில் ஆறு இல்லை. 1957 அக்டோபர் 14 அன்று வந்த பெருவெள்ளத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஆற்றை நகரத்துக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். வறண்டுபோன பழைய படுகையில் விரைவுச்சாலை போடும் திட்டம் வந்தபோது, அது எங்களுக்குப் பசுமையாகத்தான் வேண்டும் என்று மக்கள் போராடி வென்றார்கள். அதனால்தான் நகரத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டருக்கு நீண்டிருக்கும் ஒரு தோட்டத்தில், தண்ணீர் ஓடாத பாலங்களுக்கு அடியில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் நமக்கு வாய்த்திருக்கிறது. அதற்குள் 70 மீட்டர் நீளத்தில் படுத்துக் கிடக்கும், கதையில் வரும் குல்லிவரின் சிலை உடலே குழந்தைகளின் சறுக்குமரம். அவருடைய சட்டை மடிப்பிலும் தலைமுடியிலும் ஏறி வழுக்கி விளையாடலாம், கட்டணம் இல்லை. கோடையில் நண்பகலில் மட்டும் போகாதீர்கள், வழுக்கும் பரப்பு சுடும்.

அதே படுகையில் கடலை நோக்கி நடந்தால் கலை அறிவியல் நகரம் வரும். வலென்சியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவாவும் ஃபெலிக்ஸ் கந்தேலாவும் வடிவமைத்த வெண்ணிறக் கட்டடங்கள் அவை. முதலாவதான எமிஸ்ஃபெரிக் திரையரங்கு 1998-இல் திறக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்பதால், உறவினர் யாராவது ஊரிலிருந்து வரும்வரை அதைத் தள்ளிவைக்கலாம். வெளியே உள்ள தடாகங்களைச் சுற்றி நடப்பதற்குக் காசு கேட்பதில்லை. பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரமே அதற்குச் சிறந்தது.

ஆற்றைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 29 அன்று பெய்த மழையில் தெற்கேயுள்ள பைப்போர்த்தா, கத்தரோஹா போன்ற ஊர்களை வெள்ளம் மூழ்கடித்து, இந்த மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது அந்தப் புதிய கால்வாய்தான். 2015-இல் சென்னையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் கைப்பேசி எச்சரிக்கை அலறினால் வெளியே போகும் திட்டத்தைக் கைவிடுங்கள். காரை எடுப்பதற்காக நிலத்தடி நிறுத்துமிடத்துக்கு ஒருபோதும் இறங்காதீர்கள்.

அடுத்தது ஒரு வியாழக்கிழமை. அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைமைத் தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், கறுப்பு அங்கி அணிந்த எட்டுப் பேர் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் வந்து அமர்வார்கள். இதுதான் நீர் நீதிமன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே நீதிபதிகள். வழக்கறிஞர் கிடையாது, வாதம் முழுவதும் வாய்மொழியாக, வலென்சிய மொழியிலேயே நடக்கும், தீர்ப்பு அங்கேயே சொல்லப்படும். மடையை முறை தவறித் திறந்தவர், அடுத்தவர் பங்கு நீரை எடுத்தவர் என்று குற்றங்களும் நமக்குத் தெரிந்தவைதாம். காவிரிப் பாசனப் பகுதியில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதையும், அதை ஒட்டி வரும் வரப்புச் சண்டைகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஊரில் முதன்முதலாக அந்நியம் நீங்கியது அந்த வாசலில்தான். பல வாரங்களில் புகார் ஒன்றும் இருக்காது. பணியாளர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி அழைத்து, யாரும் வராததால் சில நிமிடங்களில் சபை கலைந்துவிடும். ஆகவே பதினொன்றே முக்காலுக்கே போய் நில்லுங்கள். யுனெஸ்கோ இதை 2009-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அழைக்கப்படும் பெயர்களில் மெஸ்தாயா என்று ஒன்று வரும். உங்கள் கணவர் கால்பந்து பார்ப்பவரானால் காதைத் தீட்டிக்கொள்வார், ஏனென்றால் வலென்சியா அணியின் மைதானத்துக்கு அந்த வாய்க்காலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால் மத்தியச் சந்தை. 1928-இல் திறந்த இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமான கட்டடம் அது. திங்கள் முதல் சனி வரை காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை மட்டுமே இயங்கும். எதிரிலேயே லோன்ஹா என்ற பட்டு வணிக மண்டபம் இருக்கிறது. 1482-இல் கட்டத் தொடங்கிய அந்த மண்டபத்தில் முறுக்கிய கயிறுபோல எழும் தூண்களுக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். பனந்தோப்புக்குள் நிற்பது போலிருக்கும். மழை பெய்யும் நாளுக்கு நுண்கலை அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம், இந்த ஊரில் பிறந்து கடற்கரை வெயிலை வரைந்த ஹோவாக்கின் சோரோயாவின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன.

அந்த வெயிலை நேரில் பார்க்க மல்வரோசா கடற்கரைக்கு டிராமில் போகலாம். கிழக்குக் கரை என்பதால் மெரினாவைப் போலவே இங்கும் சூரியன் கடலிலிருந்து எழும். கொடி பச்சையாக இருந்தால் குளிக்கலாம், மஞ்சளென்றால் எச்சரிக்கை, சிவப்பென்றால் கால்கூட வைக்கக் கூடாது. திரும்பும் வழியில் கபன்யால் என்ற பழைய மீனவர் குடியிருப்பின் தெருக்களில் நடந்து வாருங்கள். வீட்டு முகப்புகளில் ஒட்டியுள்ள வண்ண ஓடுகள் வீட்டுக்கு வீடு வேறுபடும்.

மார்ச் மாதத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன். அது ஃபாயஸ் திருவிழாக் காலம். மார்ச் 1 முதல் 19 வரை நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் மஸ்கிலெத்தா என்ற வெடி முழக்கம் நடக்கும். பட்டப்பகலில் எதற்கு வெடி என்று நானும் கேட்டிருக்கிறேன். இது கண்ணுக்கானதல்ல, காதுக்கும் நெஞ்சுக்கூட்டுக்குமானது. தாளக்கட்டோடு வளர்ந்து வளர்ந்து, கடைசி ஒரு நிமிடத்தில் தரையே அதிரும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், செவிப்பறைக்கு அது நல்லது. மகளுக்குக் காதுக் கவசம் வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். தெருமுனைகளில் வைக்கும் மாபெரும் கேலிப் பொம்மைகள் எல்லாவற்றையும் 19-ஆம் தேதி இரவு கொளுத்திவிடுவார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பொம்மை மட்டும் தப்பி அருங்காட்சியகத்துக்குப் போகும். நம் போகியும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உறக்கத்தை மட்டும் அந்த வாரம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மிக்க நன்றி, அண்ணா. வரும் செப்டம்பரில் என் பெற்றோர் ஒரு மாதம் தங்க வருகிறார்கள். இருவரும் சைவம். அப்பாவுக்கு மூட்டுவலி, ஆனால் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், கட்டடங்களைவிட வயல்வெளியைத்தான் விரும்புவார். அவர்களை எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: செப்டம்பர் என்றால் உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர். அப்போதுதான் அல்புஃபேராவில் நெல் அறுவடை. நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள ஏரி அது. அரபு மொழியில் சிறுகடல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நகரப் பேருந்து 24 அங்குள்ள எல் பல்மார் ஊர்வரை போகும். மே மாதத்தில் விதைத்து, கோடை முழுவதும் பச்சை விரிந்து, செப்டம்பரில் இயந்திரங்கள் இறங்கும். குளிர்காலத்தில் வயல்களுக்கு மறுபடி நீர் பாய்ச்சிப் பறவைகளுக்கு விட்டுவிடுவார்கள். போம்பா என்ற குட்டையான உருண்டை அரிசியை அப்பாவிடம் காட்டுங்கள். குழம்பு ஊற்றிச் சாப்பிட அது ஒத்துவராது. சாற்றை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே விளைவிக்கிறார்கள்.

ஊரின் பெயரைச் சொல்லும் பயேயா என்ற அரிசி உணவில் கோழியும் முயலும் சேரும். அது மதிய உணவு, இரவில் இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடமாட்டார்கள். காய்கறி பயேயா கேட்டால் தருவார்கள், ஆனால் அரிசி வெந்தது எந்தச் சாற்றில் என்று தவறாமல் கேளுங்கள். பல இடங்களில் காய்கறியின் கீழே கோழிச்சாறு இருக்கும். வெறுமனே ‘சின் கார்னெ’, அதாவது இறைச்சி வேண்டாம் என்றால், சூரை மீனோ பன்றித் தொடைத் துண்டோ வந்து நிற்கலாம். மீனும் பன்றியும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்வதே பாதுகாப்பு. எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய பத்ரோன் பச்சைமிளகாய் அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

மற்றொரு மாலை மெட்ரோ 3-ஆம் தடத்தில் அல்போராயாவுக்குப் போங்கள். ஓர்ச்சாத்தா என்று வெள்ளையாகக் குளிர்ந்த ஒரு பானம் கிடைக்கும்; அதில் பால் இல்லை. சூஃபா என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது. அந்தக் கிழங்கு, நாம் வயலில் களையென்று பிடுங்கி எறியும் கோரையின் இனம்தான். உங்கள் அப்பாவிடம் முதலில் குடிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

தேவாலயத்தின் மிகலெத்தே கோபுரத்துக்கு 207 படிகள், மின்தூக்கி இல்லை. அவரைக் கீழே சதுக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் மட்டும் ஏறி வரலாம். அல்புஃபேராவில் அந்தத் தொல்லை கிடையாது. பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே படகுத்துறை உண்டு; பொழுது சாயும் நேரத்தில் ஏறினால் சூரியன் ஏரிக்குள் இறங்குவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல் பல்மாரில் இரவில் வாடகைக் கார் கிடைப்பது கடினம்.