உப்பு தண்ணில கரையறது இயற்பியல் மாற்றமா வேதி மாற்றமா? தம்பி கேட்ட கேள்வி

நீலவானம்:
வணக்கம். தம்பிக்கு பாடம் சொல்லிக்குடுக்கும்போது வந்த சந்தேகம். உப்பு கரையறது இயற்பியல் மாற்றம்னு புக்குல போட்டிருக்கு, தண்ணிய வத்தவச்சா உப்பு அப்படியே திரும்பக் கிடைக்குது, புதுப் பொருள் எதுவும் வரலன்னு காரணமும் இருக்கு. ஆனா அவன் கேக்கறான், உப்புல சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனின்னா மின்னேற்றம் உள்ள துகள்) அயனிப் பிணைப்புல தானே சேர்ந்திருக்கு, கரையும்போது அது விட்டுப்போகுதே, பிணைப்பு உடைஞ்சா வேதி மாற்றம்னு நீங்க தானே சொன்னீங்கன்னு. இதுக்கு என்ன பதில் சொல்றது? அப்படியே இயற்பியல் பண்பு, வேதிப் பண்பு ரெண்டையும் குழப்பமில்லாம எப்படி பிரிக்கறதுன்னும் யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

கற்கண்டு:
ரொம்ப யோசிக்காதீங்க. திரும்பப் பழைய பொருளே கிடைச்சா இயற்பியல் மாற்றம், கிடைக்கலன்னா வேதி மாற்றம். ஐஸ் உருகும், மறுபடி உறையும். பேப்பர எரிச்சா சாம்பல் தான், பேப்பர் வராது. அவ்ளோதான்.

சோதனைக்குழாய்:
கற்கண்டு சொல்ற அந்த ரூல் பாதி தூரம் தான் வரும். மயில்துத்தத்தை எடுத்துக்கோங்க, காப்பர் சல்பேட். நீலப் படிகத்த ஒரு டெஸ்ட் டியூப்ல போட்டு மெதுவா சூடு பண்ணா டியூப் வாய்ப்பக்கம் தண்ணி முத்து முத்தா கட்டும், கீழ இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா வெளிறி கடைசில வெள்ளைப் பொடியா நிக்கும். ஆறினப்புறம் ஒரு சொட்டு தண்ணி விடுங்க, சட்டுனு நீலம் திரும்பிரும், டியூப் கையில சுடும். பழையபடி கிடைச்சாச்சு, ஆனா இது வேதி மாற்றம் தான், ஏன்னா அந்த நீலமே தாமிர அயனியச் சுத்தி தண்ணி மூலக்கூறுகள் பிணைஞ்சு நிக்கறதால வர்றது, அத புடுங்கிட்டா அது வேற சேர்மம். அதே மாதிரி கண்ணாடிய தூள் தூளா உடைச்சா பழையபடி ஒட்ட முடியாது, அதுக்காக அது வேதி மாற்றமாயிருமா என்ன? அதனால திரும்புதா இல்லையான்னு பாக்கறத விட, முன்னாடி என்ன துகள் இருந்துச்சு பின்னாடி என்ன துகள் இருக்குன்னு பாருங்க.

உப்புக்கு இத வச்சுப் பாருங்க. கரையறதுக்கு முன்னாடியும் சோடியம் அயனி, குளோரைடு அயனி தான், கரைஞ்சப்புறமும் அதே தான். தண்ணி வந்து தான் அயனியா பிரிச்சுச்சுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அது கிடையாது. கட்டி உப்பு கரண்ட்ட கடத்தாது, ஆனா அதையே 801 டிகிரி செல்சியஸ்ல உருக்கினா ஒரு சொட்டு தண்ணி இல்லாம கடத்தும், அப்போ அயனி முன்னாடியே உள்ள இருந்திருக்கு, நகர இடமில்லாம இருந்துச்சு அவ்ளோதான். எலக்ட்ரான் எதுவும் இங்க கைமாறல. சோடியம் உலோகத்த தண்ணில போட்டா தான் எலக்ட்ரான் கைமாறுது, ஹைட்ரஜன் வாயு வெளிய வருது, மிச்சம் சோடியம் ஹைட்ராக்சைடு. அத வத்தவச்சா சோடியம் வராது.

ஆனா தம்பி கேட்டதுல விஷயம் இருக்கு, அத அமுக்கிராதீங்க. ஒரு மோல் உப்ப, அதாவது சுமார் 58.5 கிராம, தனித்தனி அயனி வாயுவா பிச்சுப்போட 787 கிலோஜூல் ஆற்றல் கிட்ட ஆகும், அது சாதாரண வேலையில்ல. தண்ணி மூலக்கூறுங்க அந்த அயனிகள சுத்தி நின்னு கிட்டத்தட்ட அவ்வளவையும் திருப்பிக் குடுத்துருது, கடைசில நிகரமா 4 கிலோஜூல் தான் உள்ள இழுக்குது, அதனால உப்பு கரைஞ்சா தண்ணி லேசா குளிரும். இவ்வளவு பெரிய ஈர்ப்பு விட்டுப்போய் இன்னொண்ணு வர்றதால தான் சிலர் இத எல்லைக்கோட்டுல வைக்கணும்னு சொல்றாங்க, எனக்கு அது நியாயமா தான் படுது.

நீலவானம்:
ரொம்ப நன்றிங்க, உருக்கின உப்பு மேட்டர் சூப்பர். அப்போ பரிட்சைல என்ன எழுதச் சொல்ல? பண்புகள் கேள்வியும் அப்படியே நிக்குது.

சோதனைக்குழாய்:
இயற்பியல் மாற்றம்னே எழுதட்டும், காரணம் மட்டும் "அயனிகள் மாறவில்லை, புதிய பொருள் உருவாகவில்லை"ன்னு சேத்து எழுதச் சொல்லுங்க.

கரித்துண்டு:
பண்பு பத்தி நான் சொல்றேன். அளந்து முடிச்சப்புறமும் கையில அதே பொருள் இருந்தா அது இயற்பியல் பண்பு: நிறம், அடர்த்தி, உருகுநிலை, கடத்தும் தன்மை எல்லாம். பொருள வேற ஒண்ணா மாத்தினா தான் தெரியவரும்னா அது வேதிப் பண்பு, எரியும் தன்மை, துருப்பிடிக்கறது மாதிரி. இதுக்கு வைரமும் கிராஃபைட்டும் நல்ல உதாரணம். ரெண்டும் வெறும் கார்பன், ஆனா வைரத்தோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராம், கிராஃபைட் 2.2 கிட்ட, ஒண்ணு கண்ணாடிய கீறும் இன்னொண்ணு பேப்பர்ல தேயும், ஏன்னா வைரத்துல ஒவ்வொரு கார்பனும் நாலு கார்பனோட பிணைஞ்சிருக்கு, கிராஃபைட்ல மூணோட தான், அதுவும் அடுக்கு அடுக்கா. 1797ல ஸ்மித்சன் டெனன்ட் வைரத்த எரிச்சுப் பாத்து அது கார்பன் தான்னு காட்டினாரு, அதே எடை கரிய எரிச்சா எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருமோ அவ்வளவே வந்துச்சு. பாத்தோ தொட்டோ கண்டுபிடிக்க முடியாதத எரிச்சு தான் கண்டுபிடிச்சாங்க, ஆனா எரிச்சப்புறம் அந்த வைரம் இல்ல.

கற்கண்டு:
அப்போ கிராஃபைட்ட வைரமா மாத்தறது எதுல சேரும்? புதுத் தனிமம் வரலையே.

கரித்துண்டு:
நான் வேதி மாற்றம்னு தான் சொல்லுவேன். தனிமம் அதே தான், ஆனா கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவுல பழைய பிணைப்பு போய் புதுசா வேற விதமா உருவாகுது. உப்புல அப்படி ஒண்ணும் நடக்கல.