புதுப்பிப்பு: பி.காம். முடித்துவிட்டு தென்கிழக்காசியப் படிப்பில் சேரலாமா?

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. சேரலாம், எம்.ஏ. இடம் கிடைத்துவிட்டது. ஏதாவது ஒரு பட்டம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது.

இடம் கிடைக்கக் கைகொடுத்தது தண்டையார்பேட்டை அண்ணா சொன்ன யோசனைதான்: "ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) என்று பொதுவாகப் பேசாதே, வியாசர்பாடி பி.வி. காலனியில் ஆரம்பி." பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய சென்னைப் பகுதி அது. அங்கே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடையில் பேச்சை ஆரம்பித்து, பர்மாவின் (இன்றைய மியான்மர்) கதைக்குப் போனேன்.

அப்புறம்தான் எதிர்பாராதது. வரலாறு கேட்பார்கள் என்று நினைத்தால், நேர்முகத்தில் பி.காம். மூளையைத்தான் துருவினார்கள். 1964 மார்ச்சில் பர்மாவின் நெ வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கடையும் போய், கையிருப்பும் போன வியாபாரி என்ன செய்வார்? அரசியலும் பொருளாதாரமும் புலம்பெயர்வும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே வந்துவிட்டன.

பர்மிய மொழி மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை, தனியாகத்தான் கற்க வேண்டும். சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.