நிகழ்தகவுக்கு எந்த வரையறைதான் சரி?

கரூர்க்காரன்:
பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மடக்கிவிட்டாள். இரண்டு முறை காசு சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 3/4 என்கிறது புத்தகம். அவள் சொல்வது: "முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, மறுபடி சுண்டவே வேண்டாம். ஆக தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே வழி. 2/3தானே?" தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று சொல்ல வரவில்லை. இதில் நிகழ்தகவுக்குத் தொன்மை வரையறை, சோதனை முறை, அடிக்கோள் (நிரூபிக்காமல் ஏற்கும் அடிப்படை விதி) முறை என்று மூன்று வேறு. எதற்கு இத்தனை?

பழைய கணக்கு வாத்தியார்:
இதே 2/3-ஐ 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர் கணித மேதை தலாம்பேர். லேசுப்பட்ட ஆள் இல்லை! மூன்று வழி சரிதான். மூன்றுக்கும் சம வாய்ப்பு என்பதுதான் இடிக்கிறது. தலைக்கு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4; தலை வரும் இரண்டு வழியையும் கூட்டினால் 3/4. பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸின் தொன்மை வரையறைக்கும் இதே வம்பு உண்டு. சாதகமானதை மொத்தத்தால் வகு, ஆனால் எல்லாம் சமவாய்ப்பாக இருக்கணும் என்கிறார். சமவாய்ப்பு என்றால்? நிகழ்தகவு சமம் என்பதுதானே!

புள்ளியியல் பித்தன்:
சுண்டிப் பார்த்தால் தீர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் தடுப்புக்காவலில் இருந்த கணிதவியலர் கெரிச் 10,000 முறை சுண்டினார், தலை 5,067. நீண்ட ஓட்டத்தில் விகிதம் எங்கே நிற்கிறதோ அதுவே நிகழ்தகவு.

கரூர்க்காரன்:
சரி, நாளைக்கு நடக்கும் மேட்ச் ஒன்றே ஒன்றுதானே? அதை எங்கே திரும்பத் திரும்ப ஆடுவது?

பழைய கணக்கு வாத்தியார்:
அங்கேதான், நிகழ்தகவு என்பது ஒருவருடைய நம்பிக்கையின் அளவு என்ற ராம்சேயும் டி ஃபினெட்டியும் வருகிறார்கள். ஜெயித்தால் 100 ரூபாய் தரும் சீட்டுக்கு நீங்கள் 60 கொடுக்கத் தயார் என்றால், உங்கள் நிகழ்தகவு 0.6. (சூதாடச் சொல்லவில்லை.) "ஜெயிக்காது" சீட்டுக்கும் 60 கொடுத்தீர்களானால், எது நடந்தாலும் 20 நஷ்டம். இப்படி மாட்டாமலிருக்க இரண்டும் சேர்ந்து 1 ஆகணும்.

ரஷ்யக் கணிதவியலர் கொல்மகோரவ் 1933இல் வைத்த அடிக்கோள்களிலும் அதுதான் வரும்: குறையெண் கூடாது, மொத்தம் 1, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைக் கூட்டலாம். நிகழ்தகவு எங்கிருந்து வருகிறது என்று அவை சொல்வதில்லை. உங்கள் மகள் மூன்று வழிக்கும் 1/3 போட்டாலும் அடிக்கோள் எதையும் மீறவில்லை. காசுக்குத்தான் ஒத்துவராது, அதற்குப் பித்தன் சொன்னபடி சுண்டித்தான் பார்க்கணும். பரீட்சையில் மட்டும் 3/4 எழுதச் சொல்லுங்கள்.