ஆப்ட்ல போட்ட கிரேடில்ல பில்ட் ஆகல; ப்ராஜெக்ட்ல இருக்கிற ஸ்கிரிப்டைத்தான் ஓட்டணுமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)
உபுண்டு 22.04, ஜாவா 17. சீனியர் அண்ணா பென்டிரைவ்ல கொடுத்த ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட். ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கட்டளை) கிரேடில் (கோடை ஆப்பா மாத்துற பில்ட் டூல்) போட்டு பில்ட் கொடுத்தா, ஏதோ க்ரூவி கிளாஸை ஏத்த முடியலன்னு நின்னுடுது. உள்ளயே ‘கிரேடில்டபிள்யூ’ன்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுக்கு ‘பெர்மிஷன் டினைட்’. ஜாவாவைக் குறைக்கணுமாங்க? நாளைக்கு ஏற்காடு போறேன், வீட்டுல நெட் ரொம்ப சுமார்.

பதில் (ஐந்து ரோடு)
ஜாவாவைத் தொடாதீங்க தம்பி. 22.04ல ஆப்ட் தர்றது கிரேடில் 4.4.1, 2017 டிசம்பர்ல வந்தது. ஜாவா 17 வந்ததே 2021ல, கிரேடில் 7.3லிருந்துதான் அதுல ஓடும். ஆப்ட்ல போட்டதை எடுத்துடுங்க, இருந்தா கை தவறி அதையே அடிப்பீங்க.

அந்த ‘கிரேடில்டபிள்யூ’ ஸ்கிரிப்ட்தான் ராப்பர், ப்ராஜெக்ட் கேக்கிற கிரேடிலைத் தானே இறக்கி ஓட்டும். ‘கிரேடில்/ராப்பர்’ ஃபோல்டர்ல ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் இருக்கும், அதுல ‘டிஸ்ட்ரிபியூஷன்யூஆர்எல்’ வரியில எந்த வெர்ஷன்னு எழுதியிருக்கும். அந்த வெர்ஷனையே இறக்கிக்கும். ப்ராஜெக்டை முதல்ல ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணுங்க. பென்டிரைவ் ஃபேட் ஃபார்மட்டா இருந்தா சிஹெச்மாட் (ஃபைலுக்கு அனுமதி கொடுக்கிற கட்டளை) ஒட்டாது. அப்புறம் ஸ்கிரிப்டுக்கு சிஹெச்மாட் +எக்ஸ் கொடுத்து, அது பேருக்கு முன்னாடி புள்ளியும் சாய்கோடும் வெச்சு ஓட்டுங்க.

கேட்டவர்
ஓடுச்சுங்கண்ணா, ஆனா ‘கிரேடில்ராப்பர்மெயின்’ கிளாஸ் கிடைக்கலன்னு வருது.

பதில் (கொண்டலாம்பட்டி)
ராப்பர் ஜார் ஃபைல் (ராப்பரோட ஜாவா கோட் இருக்கிற ஃபைல்) வரல. ப்ராஜெக்டை கிட்ல (கோடைச் சேமிச்சு வைக்கிற டூல்) இருந்து எடுத்துக் கொடுத்திருந்தா, கிட்இக்னோர்ல (கிட் எதை விட்டுடணும்னு சொல்ற ஃபைல்) ‘*.ஜார்’னு ஒரு வரி இருக்கும், பாருங்க. நூறு கேபி கூட வராத ஃபைல், அதை கமிட் பண்ணியே (கிட்ல சேர்த்தே) ஆகணும். அந்த வரிக்குக் கீழே இதுக்கு மட்டும் ஆச்சரியக்குறி போட்டு விலக்கு கொடுக்கச் சீனியர்கிட்ட சொல்லுங்க. இப்போதைக்கு சீனியர் மெஷின்லிருந்து அதே ஜாரை வாங்கிக்குங்க. கண்ட சைட்ல இருந்து எடுக்காதீங்க. உங்க மெஷின்ல நேரா ஓடுற கோட் அது.

பதில் (ஐந்து ரோடு)
ஏற்காட்டுக்கு: சேலத்துல இருக்கும்போதே ஒரு முழு பில்ட் முடிச்சுடுங்க. ‘--வெர்ஷன்’ மட்டும் பார்த்தா கிரேடில் மட்டும்தான் வரும், அதுவே 100 எம்பிக்கு மேல. லைப்ரரி எதுவும் வராது. முழுசா ஆனதும் அங்க ‘--ஆஃப்லைன்’ சேர்த்து ஓட்டுங்க. புதுசா டிபென்டன்சி (ப்ராஜெக்டுக்குத் தேவையான வெளி லைப்ரரி) சேர்த்தா மட்டும் நெட் வேணும்.

டவுன்லோட் பாதியில அறுந்தா, ஹோம்ல இருக்கிற ‘.கிரேடில்/ராப்பர்/டிஸ்ட்ஸ்’ உள்ளே அந்த வெர்ஷன் ஃபோல்டரை மொத்தமா அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க. அந்த ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல ‘நெட்வொர்க்டைம்அவுட்’ 10000னு இருந்தா 60000 ஆக்குங்க, மில்லிசெகண்ட் கணக்கு. யூஆர்எல் ‘ஆல்’னு முடிஞ்சா ‘பின்’னு மாத்திக்கலாம், சோர்ஸும் டாக்குமென்டும் பில்டுக்குத் தேவையில்ல.

கேட்டவர்
ஜார் வாங்கிப் போட்டேங்க, பில்ட் ஆயிடுச்சு. ஆஃப்லைன்லயும் ஓடுது.